ரயில் மேடை கட்டிய சயாம்காரர்

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர் மேல் கொஞ்சம், எங்கள் வெள்ளைக்காரத் துரை மேல் நிறைய, என் மேல் அதைவிட நிறைய. இப்போது நான் சிரம்பான் பக்கத்து ராசாவில் மகன் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து பஸ்கள் போவதை எண்ணிக்கொண்டிருக்கும் கிழவன். இந்த வயதில் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை.

அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அதுதான் அவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்களே, அதில் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து போய்த் திரும்பி வந்த சிலரில் ஒருவர். அதனால் சயாம்காரர் என்றே பெயர். அங்கே பாறைக்கு வெடி வைத்தபோது பக்கத்தில் நின்றவர். இடது காது போய்விட்டது. காது கேட்காததால்தான் கத்துகிறார் என்று கூலிக்காரர்களின் லயத்து வீடுகளில் பரிந்து பேசுவார்கள். நான் நம்பியதில்லை. இரண்டு வீடு தள்ளி யாராவது தண்ணீரை வாசலில் கொட்டினால் அவருக்குக் கேட்கும். "எவடி அங்க ஊத்துறது? அது எங்க போயி நிக்கும்னு பாத்தியா?" என்று அங்கிருந்தே சத்தம் வரும்.

தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பதுதான் அவருக்கு எப்போதும் கவலை. வெளிக்காட்டு வேலையில், ரப்பர் மரங்களுக்கிடையே, வாய்க்கால் வெட்டும் ஆள். நடந்து போகும்போது தரையைப் பார்த்தபடிதான் போவார்; மழை பெய்தால் தண்ணீர் எப்படி ஓடும் என்று மனதுக்குள் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே போகிறவர் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அவசரகாலம் அது. துப்பாக்கியோடு காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, காலையில் வேலைக்குப் போகிறவர்களைக் கம்பிவேலி வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு மூட்டையைத் திறந்து காட்டுவார்கள். இவர் மட்டும் தானாகவே துண்டை அவிழ்த்துத் தரையில் விரித்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஏலம் விடுவதுபோலக் கத்துவார். "இந்தா, வெத்தல. இந்தா, சுண்ணாம்பு. இந்தா, வெறுந்தண்ணி. சோறு இல்ல. சோறு இல்லாம ஒரு மனுசன் மதியம் வரைக்கும் மண்ணு வெட்டுறான், நல்லா பாத்துக்க!" காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பையன்களுக்கு அவர் பேசுவது புரியாது. ஆனாலும் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். வரிசையில் நிற்கும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். துரை பார்க்கிறாரா என்று நான் திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

நான் அந்தத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. மம்பாவ் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது தோட்டம். ஆபீஸ் வேலை போக எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. முந்தைய துரைக்குத் தமிழ் தெரியும். காட்டில் சுட ஆரம்பித்ததும் பயந்து சீமைக்குப் போய்விட்டார். புதுத் துரைக்கு "வா", "போ", "சீக்கிரம்" தவிர ஒன்றும் தெரியாது. அதனால் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவர் பக்கத்தில் நின்று அவர் சொல்வதை ஆட்களுக்கும், ஆட்கள் சொல்வதை அவருக்கும் சொல்வது என் பொறுப்பு. மற்றவர்கள் என்னைக் "கிராணியாரே" என்பார்கள். சயாம்காரர் "தம்பி" என்பார்.

அவர் சொன்னதை நான் ஒரு நாளும் அப்படியே சொன்னதில்லை. "தொரைக்குக் கண்ணு தெரியலையா?" என்று அவர் கேட்டால், "ஐயா ஒரு முறை வந்து பார்த்தால் நல்லது என்கிறான்" என்று ஆங்கிலத்தில் சொல்வேன். துரை ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாத்தா, அதான் போலீஸ், வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் காலம். அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வேலையையும் என் குவார்ட்டர்ஸையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்பதை அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

துரையைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். இளவயது, முதுகில் அடிபட்டவர், குனிய முடியாது. பங்களாவைச் சுற்றி மணல் மூட்டை, வெளிச்ச விளக்கு, காவல். சாயங்காலம் சிரம்பானுக்குப் போய்க் குடித்துவிட்டு வர முடியாது, வழியில் சுட்டுவிடுவார்கள். அடைபட்டுக் கிடந்தவர் ஒரு நாள் சீமையிலிருந்து வந்த பெட்டிகளைத் திறந்தார். உள்ளே விளையாட்டு ரயில். முழங்கை நீள எஞ்சின். ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினால் உண்மையாகவே ஆவி விட்டுக்கொண்டு ஓடும். பித்தளைத் தண்டவாளம் கட்டுக் கட்டாக. அதைத் தோட்டத்தில் ஓடவிட வேண்டும். அவரால் குனிய முடியாது என்பதால் இடுப்பு உயரத்துக்குச் சுவர் கட்டி, மண் நிரப்பி, அதன்மேல் மலை, குகை, பாலம், செடிகொடி எல்லாம் வைத்து ஒரு ஊரையே உண்டாக்க வேண்டும்.

அதே மாதம்தான் லயங்களை இடம் மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. காட்டோரம் இருந்த பழைய லயத்தை விட்டுவிட்டு, ரோட்டோரத்துப் பள்ளத்தில், கம்பிவேலிக்குள் எல்லாரும் வந்துவிட வேண்டும். சதுப்பு நிலம் அது. அங்கே வாய்க்கால் கட்டுவதற்காகச் செங்கல்லும் சிமெண்டும் அரைவட்டச் சிமெண்டுக் குழாய்களும் லாரியில் வந்து இறங்கின. துரை வந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"இதை முதலில் பங்களாவுக்குக் கொண்டுபோகச் சொல்" என்றார். "கம்பெனி ஆட்கள் பார்வைக்கு வருகிறார்கள். அதற்குள் முடியட்டும். லயத்துக்கு அடுத்த லாரியில் வரும்."

மறுநாள் பெரட்டில் அதைத் தமிழில் சொன்னேன். கூட்டம் முணுமுணுத்தது. சயாம்காரர் மண்வெட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தொரகிட்ட சொல்லு தம்பி. அந்தப் பள்ளத்துல தண்ணி நிக்கும். கக்கூஸ் தண்ணியும் கெணத்துத் தண்ணியும் ஒண்ணாப் போவும். சயாம்ல நான் பாத்தேன். மொதல்ல பிள்ளைங்கதான் சாவும். அந்தக் கல்லு எங்களுக்கு வந்த கல்லு. அத அங்க போட்டுட்டுத்தான் இங்க பொம்ம ரயிலு. சொல்லு."

துரை என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "முடிந்தால் லயத்திலும் சீக்கிரம் வாய்க்கால் போட்டால் நன்றாக இருக்கும் என்கிறான்."

"போடலாம், போடலாம்" என்று துரை சிரித்தார்.

அந்தச் சிரிப்பை சயாம்காரர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேடை கட்டும் வேலைக்கு அவரையே தலைமையாகப் போட்டார்கள். அவரை விட்டால் ஆள் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட கும்பல். பாதிப் பேர் பெண்கள். கல் உடைக்க, மண் சுமக்க. அதில் அஞ்சலை என்று ஒருத்தி. புருஷன் பால் வெட்டுகிறவன். நான்கு வயதில் ஒரு பெண் பிள்ளை. சயாம்காரரோடு நாள் முழுக்கச் சண்டை பிடிக்கிற தைரியம் அவளுக்கு மட்டும்தான் உண்டு.

வேண்டா வெறுப்பாகச் செய்வார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யத் தெரிந்தவர் இல்லை அவர். நாள் முழுதும் திட்டிக்கொண்டே செய்தார். செய்ததில் ஒரு குறை கிடையாது. ஒரு நாள் பெண்கள் மாலை வரை கட்டிய சுவரை மறுநாள் காலையில் வந்து பார்த்துவிட்டு, எட்டி உதைத்துத் தள்ளினார். அஞ்சலை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒமக்கு என்ன கிறுக்கா? ஒரு நாப் பொழுது கட்டுனது!"

"அடியில தொள விட்டியா? உள்ள எறங்குற தண்ணி எங்கடி போவும், ஒன் வாயிக்கா?"

"பொம்ம ரயிலுக்குத்தானே கட்டுறோம்! இடிஞ்சா இடியட்டும், தொர வூட்டுது."

"இடிஞ்சா நாளைக்கு நீதான் மறுபடி மண்ணு சொமக்கணும்."

சுவரின் அடியில் இரண்டு எட்டுக்கு ஒரு மூங்கில் துண்டு வைத்துத் துளை விட்டார். உள்ளே முதலில் உடைந்த செங்கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல், கடைசியில்தான் மண். மேடையின் நடுவே, மண்ணுக்கு அடியில், அந்த அரைவட்டக் குழாய்களைக் கவிழ்த்துப் போட்டுச் சரிவு கொடுத்தார். தண்டவாளத்துக்கு அடியில் வரும் சின்னச் சின்னக் கட்டைகளைக் கறையான் தின்றுவிடும் என்று ஸ்டோரில் கழித்துப் போட்ட எஞ்சின் எண்ணெயில் போட்டுக் காய்ச்சினார். பெண்கள் உடைத்த கருங்கல்லைக் கொசுவலைக் கம்பியில் சலித்து, ஒரே அளவில் பொடியாக்கிக் கட்டைகளுக்கு இடையில் திணித்தார். செடிகளுக்கு அவர் பூந்தோட்டங்களைத் தேடிப் போகவில்லை. வெளிக்காட்டில் பிடுங்கி எறியச் சொல்லிக் கூலி கொடுக்கும் பூண்டுகளையே கொண்டு வந்தார். ஓடைக்கரைப் பாசியை மலை மேல் ஒட்டினார்; அது காடாகிவிட்டது. பொடிப் பெரணியை நட்டார், மரங்களாகிவிட்டன. தண்டவாளத்தின் ஓரத்தில் தொட்டாச்சிணுங்கி. ரயில் உரசிக்கொண்டு போனால் இலைகள் வரிசையாக மூடிக்கொள்ளும். துரை குழந்தைபோலக் கைதட்டினார்.

நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழகாக இருந்தது. அந்த அழகைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது பிற்பாடுதான்.

முதல் ஓட்டத்தில் எஞ்சின் வளைவில் கவிழ்ந்தது. துரை இரண்டு நாள் எஞ்சினைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். சயாம்காரர் வந்து பார்த்துவிட்டு, வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்துக்கு அடியில் விரல் கனத்துக்கு ஒரு மரச் சிம்பைச் சொருகினார். எஞ்சின் சாய்ந்தபடி சுகமாகத் திரும்பிப் போனது. இது உனக்கு எப்படித் தெரியும் என்று துரை கேட்டார். சயாமில் ரயில் போட்டவர் என்று நான் சொன்னேன்.

துரையின் முகம் மாறிவிட்டது. சுருட்டைக் கீழே போட்டு மிதித்தார். அவர் தம்பி ஒருவர் பட்டாளத்தில் இருந்து ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, அதே ரயில்பாதையில்தான் செத்துப்போனாராம். அவருக்குக் கல்லறை எழுப்பியிருக்கிறார்களாம். ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டுமாம். "நாம் இருவரும் ஒரே இடத்தில் ஆட்களை இழந்தவர்கள் என்று அவனிடம் சொல்" என்றார். அந்த வருத்தம் பொய்யில்லை.

நான் சொன்னேன். சயாம்காரர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு வழக்கமான சத்தத்தில் சொன்னார்:

"அவரு தம்பி செத்த எடத்துல கல்லு நட்டு, பேரு எழுதி, புல்லு வெட்ட ஆளு வெச்சிருக்காங்க. என் அண்ணன நான்தான் குழிக்குள்ள தள்ளுனேன். அந்தக் குழியில இன்னும் எத்தன பேரு கெடந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. இப்ப அங்க போனா எடங்கூட அடையாளம் தெரியாது. எங்க ஆளுங்களுக்கு ஒரு குச்சி நட்டானா எவனாச்சும்? ஒரே எடம்னு சொல்லாதன்னு சொல்லு."

"உங்கள் தம்பிக்காக வருத்தப்படுகிறான்" என்றேன் நான்.

துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தோளைத் தட்டினார். சயாம்காரர் அந்தக் கை தோளில் இருக்கும்போதே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொன்னதுக்கு அவன் ஏன் தட்டிக் குடுக்குறான்?"

அவர் தோளை உதறிக்கொண்டு போய்விட்டார். வெட்கப்படுகிறான் என்று துரை நினைத்துக்கொண்டார்.

அதற்குள் லயத்துக்காரர்கள் பள்ளத்துக்கு வந்துவிட்டார்கள். அடுத்த லாரி வரவேயில்லை. ரோட்டில் சுடுகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். மழைக்காலம் தொடங்கியது. வீட்டு வாசல்களில் கணுக்கால் தண்ணீர், பிறகு முழங்கால் தண்ணீர். கக்கூஸ் குழி நிரம்பி வழிந்தது. சயாம்காரர் வேலை முடிந்து வந்து தனியாளாக மண்ணில் வாய்க்கால் வெட்டுவார். சேற்று நிலம், காலையில் மூடிக்கொண்டுவிடும். கல்லோ குழாயோ இல்லாமல் அங்கே எதுவும் நிற்காது. வயிற்றுப்போக்கு வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மருந்து கொடுத்தார். பிள்ளைகள் துணிபோல வதங்கிக் கிடந்தன.

அஞ்சலை பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் பங்களாவுக்குக் கல் உடைக்க வந்தாள். வராவிட்டால் பேர் போடமாட்டார்கள், அன்றைய கூலி போய்விடும். பார்வையிட வருகிறவர்கள் வர இரண்டு நாள்தான் இருந்தது. மதியம், குகை வாசலுக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, டிரெசர் அனுப்பிய ஆள் மேட்டில் ஏறி வந்தான். அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். ஓடவில்லை. ஓடி என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிள்ளையை மறுநாள் புதைத்தார்கள். அதற்கடுத்த நாள் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், மனைவிமார்களோடு, முன்னும் பின்னும் போலீஸ் வண்டியோடு. பங்களாப் புல்வெளியில் தேநீர். ரயில் ஓடியது. நடுவில் ஒரு கனத்த மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் வராந்தாவுக்கு ஓடினார்கள். அரைமணி நேரத்தில் மழை விட்டது. திரும்பி வந்து பார்த்தால் மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. மூங்கில் துளைகள் வழியாகச் சுற்றிலும் மெல்லிய கம்பிகள்போல ஒழுகிக்கொண்டிருந்தது. பாசி பளபளத்தது. ஒரு வெள்ளைக்கார அம்மாள் "மார்வலஸ்!" என்றாள்.

துரை சயாம்காரரை அழைத்து வரச் சொன்னார். அவர் வந்து புல்வெளி ஓரத்தில் நின்றார். சட்டையில்லாத உடம்பில் சேறு.

"இவன்தான் கட்டியது. இத்தனை மழையில் ஒரு சொட்டு நிற்கவில்லை பாருங்கள். நான் ரொம்பப் பெருமைப்படுகிறேன் என்று அவனிடம் சொல்."

நான் சொன்னேன். சயாம்காரர் மேடையைப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான், என் வாழ்நாளிலேயே அன்றைக்கு மட்டும்தான், அவர் குரல் தணிந்து நான் கேட்டேன்.

"ஆமா. இதுல நிக்காது. லயத்துல முட்டிக்கால் தண்ணி. அந்தப் பிள்ளைக்குக் குழி வெட்டுனா குழியிலயும் தண்ணி. வாளியால எறச்சி ஊத்திட்டுத்தான் எறக்குனோம். எறக்குறதுக்குள்ள மறுபடி ஊறிடுச்சி. அஞ்சல பாத்துக்கிட்டு நின்னா. இத சொல்லு தம்பி. இத மட்டும் சொல்லு."

வெள்ளைக்காரர்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோப்பைகளில் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு நன்றி சொல்கிறான்" என்றேன்.

கைதட்டினார்கள்.

மறுநாள் காலை துரை கம்பெனிக்காரர்களோடு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார். சயாம்காரர் கும்பலைக் கூட்டிக்கொண்டு வழக்கம்போல பங்களாவுக்குப் போனார். காவலுக்கு நின்றவர்கள் தினமும் வருகிற ஆட்கள்தானே என்று கேட்டைத் திறந்துவிட்டார்கள். செய்தி கேட்டு நான் ஆபீஸிலிருந்து ஓடினேன்.

இடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். யாரும் எதையும் இடிக்கவில்லை. கழற்றிக்கொண்டிருந்தார்கள். சயாம்காரர் எஞ்சினைத் துடைத்து, துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து வராந்தாவில் ஏற்றியிருந்தார். தண்டவாளங்கள் அளவு பார்த்துக் கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. பாசியையும் பெரணியையும் வேரோடு எடுத்து நிழலில் ஈரச் சாக்குமேல் வைத்திருந்தார். பிறகுதான் சுவரைத் தொட்டார். செங்கல் செங்கல்லாகப் பெயர்த்து, தலைமேல் வைத்து, வரிசையாகப் பள்ளத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒவ்வொரு குழாயையும் தூக்கிக்கொண்டு போனார்கள். வரிசையில் அஞ்சலையும் இருந்தாள்.

"என்ன செய்றீங்க? உங்களைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க! இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திடுவாங்க!" என்று கத்தினேன்.

"ஒனக்குக்கூட சத்தமா பேச வருதே" என்றார் அவர். "வழிய விடு தம்பி. கல்லு கனக்குது."

சாயங்காலத்துக்குள் பள்ளத்திலிருந்து ஓடை வரைக்கும் வாய்க்கால் நீண்டுவிட்டது. அவர் கடைசிக் குழாயை ஓடை வாயில் வைத்து, அடைத்து வைத்திருந்த மண்ணை வெட்டிவிட்டார். கருப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. லயமே வாசலில் நின்று பார்த்தது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை.

துரை திரும்பி வந்ததும் போலீஸ் வந்தது. ஆபீஸ் அறையில் விசாரணை. வெள்ளைக்கார அதிகாரி மேசைக்கு அந்தப்பக்கம், துரை அவர் அருகில். சயாம்காரர் கையில் விலங்கோடு நடுவில். நான் பக்கத்தில்.

"இதைச் செய்யச் சொன்னது யார்? காட்டிலிருந்து யார் வந்து பேசினார்கள்?"

நான் தமிழில் கேட்டேன். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, இத்தன நாளு நீ நான் சொன்னத சொல்லல. எனக்குத் தெரியும். வார்த்த தெரியாட்டியும் மூஞ்சி தெரியுமில்ல? இன்னைக்கு மாத்தாத. மாத்துனா இந்தக் கையோட ஒன் கழுத்தப் பிடிப்பேன்."

பிறகு ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். யாரும் வந்து பேசவில்லை. கல் எங்களுடையது. அதை எடுத்துப் பொம்மை ரயில் கட்டினீர்கள். பிள்ளை செத்தது அதனால்தான். செத்துப்போகும் என்று முன்னாலேயே சொன்னேன். மறுபடி கல்லை எடுத்துக்கொண்டு போனால் மறுபடி பெயர்த்துக்கொண்டு வருவேன். அப்போது இப்படி அடுக்கி வைக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தையை மழுப்பியிருந்தால், ‘அறியாமல் செய்துவிட்டான், மன்னிப்புக் கேட்கிறான்’ என்று ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால், அவர் அந்த அறையிலிருந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். அத்தனை நாள் பொய் சொன்னவனுக்கு அந்த ஒரு பொய்யைச் சொல்ல இடம் கொடுக்கவில்லை அவர். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் கோபம்.

அதிகாரி கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். துரையின் முகம் வெளுத்திருந்தது.

"முன்னாலேயே சொன்னானா? எப்போது? எனக்கு ஏன் இதை யாரும் சொல்லவில்லை?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். சயாம்காரரும் என்னைப் பார்த்தார். அந்த அறையில் என் வேலை, ஒருவர் கேட்பதை இன்னொருவருக்குச் சொல்வது. துரை கேட்டதை நான் தமிழில் சொல்லவேயில்லை.

அன்றைக்கே பெரட்டில் அப்படியே சொல்லியிருந்தால் துரை கல்லைத் திருப்பிக் கொடுத்திருப்பாரா? தெரியாது. கொடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கத்தான் எனக்கு வசதி. எல்லாம் தெரிந்த பிறகும், அதிகாரி எழுதிய புகார்க் காகிதத்தில் துரை கையெழுத்துப் போட்டார் என்பதை மட்டும் நான் என் கண்ணால் பார்த்தேன்.

சிரம்பான் லாக்கப்பில் சில நாள் வைத்திருந்துவிட்டு, இந்தியாவுக்குக் கப்பலேற்றுவதாக முடிவு செய்தார்கள். கைக்குழந்தையாக இங்கே வந்தவர். அங்கே எந்த ஊர் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நான் ஒரு நாள் லீவு போட்டுப் பார்க்கப் போனேன். வெற்றிலையும் இரண்டு சட்டையும் வாங்கிக்கொண்டு போனேன். கம்பிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

"அத வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?" காவல்காரன் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அதே சத்தம். "நீ ஒரு வேல செய். வாய்க்கா ஓடையில சேருற எடத்துல மண்ணு வந்து அடைக்கும். வாரத்துக்கு ஒரு தடவ அள்ளணும். ஒரு வாரம் விட்டாலும் தண்ணி மறுபடி ஏறிடும். போயி லயத்துல சொல்லு. சொல்லுவியா, இல்ல, அதையும் மாத்திச் சொல்லுவியா?"

"சொல்றேண்ணே. அப்படியே சொல்றேன்."

அதற்குமேல் அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

பஸ் பிடித்துத் தோட்டத்துக்குத் திரும்பினேன். கேட்டில் சோதனை முடிந்ததும் குவார்ட்டர்ஸுக்குப் போகாமல் நேராகப் பள்ளத்துக்கு இறங்கினேன். வாசல்கள் காய்ந்திருந்தன. கொடியில் துணிகள். அஞ்சலை வாய்க்கால் முடியும் இடத்தில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தாள்.

கரையில் நின்று, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மண் வந்து அடைக்கும். வாரத்துக்கு ஒரு தடவை. விட்டால் தண்ணீர் ஏறும்.

அவள் நிமிரவில்லை.

"அத அவரு எங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு கிராணியாரே. நீங்க சொல்ல வேண்டிய ஆளு நாங்க இல்ல."

ஒரு வெட்டுச் சேற்றை அள்ளிக் கரையில் போட்டாள். அது என் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அடுத்த வெட்டுக்கு இடம் வேண்டும் என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் தள்ளி நின்றேன்.